36 ரூபாய்க்கு மாவு கொடுத்தால் நஷ்டமா?

கேள்வி: ஐயா, திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊரில் மூன்று வருடமாக இட்லி மாவு அரைத்து மளிகைக் கடைகளுக்குப் போடுகிறேன். தினமும் 120 கிலோ, எல்லாமே ஒரு கிலோ பாக்கெட். கடைக்கு 42 ரூபாய். ஒரு பாக்கெட்டுக்கு அரிசி 16, உளுந்து 11, வெந்தயம் உப்பு 50 காசு, கவர் ஒன்றரை ரூபாய், அரைக்கிற கரண்டும் தண்ணீரும் ஒரு ரூபாய், ஆக 30 ரூபாய் அடக்கம். மாதம் வாடகை 8,000, உதவிக்கு வரும் அக்காவுக்குச் சம்பளம் 12,000, பெட்ரோல் 4,000, ஃபிரிட்ஜ் கரண்ட், போன், மற்றவை 3,000. இதெல்லாம் போக 16,200 ரூபாய் நிற்க வேண்டும். ஆனால் கையில் பணமே தங்குவதில்லை. தினமும் ஐந்து பாக்கெட் போல விற்காமல் திரும்பி வரும், அதை எடுத்துக்கொண்டு புதிது கொடுத்துவிடுவோம். போன தீபாவளிக்கு அப்புறம் கடைக்காரர்கள் வாரம் ஒருமுறைதான் பணம் தருகிறார்கள்.

இப்போது பைபாஸ் ரோட்டில் ஒரு ஓட்டல்காரர் தினமும் 50 கிலோ கேட்கிறார், கிலோ 36 ரூபாய்க்கு. கேனில் ஊற்றிக் கொடுத்தால் போதும். பணம் 30 நாள் கழித்து. பி.காம். படித்த என் அத்தை மகன், 'உன் அடக்கமே 37 ரூபாய் 50 காசு, 36-க்குக் கொடுத்தால் கிலோவுக்கு ஒன்றரை ரூபாய் நஷ்டம்' என்கிறான். வீட்டுக்காரரோ பெரிய கிரைண்டர் வாங்கிவிடலாம் என்கிறார். விலை 3 லட்சம். இப்போதுள்ள கிரைண்டர்களில் 150 கிலோவுக்கு மேல் அரைக்க முடியாது. ஒரு ஃபைனான்ஸில் 12% வட்டி, 3 வருடம் என்கிறார்கள். வங்கியில் 14%. நான் முன்பு மில்லில் 13,000 சம்பளத்துக்கு இருந்தேன். என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு பாராட்டு. கவருக்கு ஒன்றரை ரூபாய், உப்புக்கு 50 காசு என்று எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். என்னிடம் வரும் பெரிய கம்பெனிக்காரர்களே பல பேர் இவ்வளவு சுத்தமாக அடக்கம் சொல்வதில்லை. கணக்கு இருப்பதால் பதில் சொல்வது எளிது. ஆனால் ஓட்டல், கிரைண்டர், கடன் எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் 16,200-ஐக் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்தத் தொகை எப்படி வந்தது? 42-லிருந்து 30 போனால் பாக்கெட்டுக்கு 12 ரூபாய் மிச்சம். மாதம் 3,600 பாக்கெட், ஆக 43,200. அதில் 27,000 செலவு போக 16,200. கூட்டல் கழித்தலில் தப்பில்லை. ஆனால் நீங்கள் அரைப்பதுதான் 120, விற்பது 115. திரும்பி வரும் ஐந்துக்கும் அரிசி, உளுந்து, கவர் எல்லாம் போட்டாகிவிட்டது, பணம் மட்டும் வரவில்லை. ஐந்து பாக்கெட், 42 ரூபாய், 30 நாள்: 6,300 ரூபாய். ஆக உங்கள் உண்மையான லாபம் 9,900. கையில் பணம் ஏன் தங்கவில்லை என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

'ஐந்து பாக்கெட்தானே' என்று தோன்றும். நூறு பாக்கெட்டுக்கு நாலு என்று சொன்னால் யாருக்கும் பெரிதாகத் தெரியாது. ஆனால் ஒரு பாக்கெட் திரும்பி வந்தால் போவது 12 ரூபாய் லாபம் மட்டும் இல்லை, 42 ரூபாய் முழுசும். அதாவது ஒரு ரிட்டர்னைச் சரிக்கட்ட மூன்றரை பாக்கெட் விற்க வேண்டும். கெட்டுப்போகும் சரக்கு விற்கிற எல்லோருக்கும், பால்காரர், பூக்காரர், கீரைக்காரர் என்று யாராக இருந்தாலும், கணக்கு உதைப்பது இந்த இடத்தில்தான்.

எந்தக் கடையில், எந்தக் கிழமையில் திரும்பி வருகிறது என்று ஒரு மாதம் தனி நோட்டில் குறித்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று கடைகளிலும் ஒன்றிரண்டு நாட்களிலும்தான் சேர்ந்து வரும். அமாவாசை, கிருத்திகை, ஊரில் கல்யாண நாள் என்று காரணம் கிடைக்கும். அந்த நாட்களில் குறைத்து அரைத்து, சராசரியாகத் தினமும் மூன்று பாக்கெட் குறைந்து, அதே 115 விற்றால் மாதம் 2,700 ரூபாய் மிச்சமாகும். இதற்குக் கடனும் வேண்டாம், மிஷினும் வேண்டாம்.

இன்னொன்று, நீங்கள் உங்களுக்குச் சம்பளமே எழுதவில்லை. மில்லில் 13,000 வாங்கிய ஆள், இப்போது விடிவதற்கு முன்னால் எழுந்து உளுந்து கழுவுகிறவர். அந்த 13,000-ஐ விட்டுவிட்டு வந்ததும் ஒரு செலவுதான். யாருக்கும் ரூபாயாக எண்ணிக் கொடுக்காததால் நோட்டில் ஏறவில்லை, அவ்வளவே. ரிட்டர்ன் போக நீங்கள் அரைக்கும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் சராசரியாக 10 ரூபாய் 25 காசு நிற்கிறது. 27,000 செலவை மட்டும் கட்ட தினமும் 88 பாக்கெட் அரைத்தால் போதும். உங்கள் 13,000-ஐயும் சேர்த்தால் 130 பாக்கெட் வேண்டும். இப்போது 120-ல் நிற்கிறீர்கள். மில்லுக்குத் திரும்பிப் போங்கள் என்று சொல்ல வரவில்லை. சொந்தத் தொழில், வீட்டுப் பக்கத்திலேயே வேலை, நாளை வளரும் என்ற நம்பிக்கை, இதற்கெல்லாம் நீங்கள் ஒரு மதிப்பு வைத்திருப்பீர்கள். இருந்தாலும் அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

சரி, ஓட்டலுக்கு வருவோம்.

உங்கள் அத்தை மகன் சொன்ன 37.50 எப்படி வந்தது என்றால், 27,000-ஐ 3,600-ஆல் வகுத்தார், 7.50 வந்தது, 30-உடன் கூட்டினார். கல்லூரியில் சொல்லிக்கொடுத்த முறைதான். ஒட்டுமொத்தத் தொழிலுக்கு அது சரியான எண்ணும்கூட. நாளைக்கே எல்லாக் கடைக்கும் 36 ரூபாய்க்குக் கொடுக்க ஆரம்பித்தால் மாதம் 5,400 ரூபாய் கைப்பிடித்தம், அதுவும் ஒரு பாக்கெட்கூடத் திரும்பாமல் போனால். ஆனால் நீங்கள் கேட்ட கேள்வி வேறு. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தொழிலில் கூடுதலாக ஒரு ஆர்டர் எடுக்கலாமா என்பதுதான் கேள்வி. அதற்கு ஒன்றை மட்டும் பார்த்தால் போதும்: இந்த முடிவை எடுப்பதால் எந்தெந்தப் பணம் மாறுகிறது?

ஓட்டல்காரர் வந்தாலும் வராவிட்டாலும் வாடகை 8,000 தான். அக்கா சம்பளம் 12,000 தான். அந்த ஏழரை ரூபாயை ஓட்டல் மாவின் தலையில் ஏற்றுவதில் அர்த்தமில்லை, அதைக் கடைப் பாக்கெட்டுகள் ஏற்கெனவே கட்டிவிட்டன. மாறுவது அரிசி, உளுந்து, உப்பு, கரண்ட். கேனில் ஊற்றுவதால் கவர் செலவும் கிடையாது. ஆக கிலோ 28.50. 36-க்குக் கொடுத்தால் ஏழரை ரூபாய் மிச்சம். அத்தை மகனிடம் இதைக் காட்டுங்கள், பி.காம். படித்தவர் உடனே பிடித்துக்கொள்வார்.

ஆனால் அதற்காக 50 கிலோவுக்கும் தலையாட்டிவிட வேண்டாம். உங்கள் கிரைண்டரில் மீதி இருப்பது 30 கிலோ. அந்த 30-ஐ மட்டும் கொடுத்தால் மாதம் 900 கிலோ, 6,750 ரூபாய் வரும். ஓட்டலுக்குத் தனியாகப் போய்வர பெட்ரோல் ஆயிரம் என்று வைத்தால் 5,750 நிற்கும்.

50 கிலோ கொடுக்க வேண்டுமென்றால் பெரிய கிரைண்டர் வேண்டும். கூடவே அரை நாளுக்காவது இன்னொரு ஆள் தேவைப்படும், அதற்கு 6,000 என்று வையுங்கள். வருமானம் 11,250. பெட்ரோல், ஆள் கூலி போக 4,250. இன்னும் கடன் தவணையைத் தொடவே இல்லை! அதாவது 3 லட்சம் போட்டு 50 கிலோ கொடுத்தால் கிடைப்பது, ஒரு பைசா போடாமல் 30 கிலோ கொடுத்தால் கிடைப்பதைவிடக் குறைவு. கடைசி 20 கிலோவால் வரும் மிச்சம் 4,500 ரூபாய், அதற்காக நீங்கள் வைக்கும் ஆளுக்கு 6,000. மொத்த ஆர்டரையும் ஒன்றாகப் பார்த்தால் இது கண்ணில் படாது. முதல் 30, அடுத்த 20 என்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். வியாபாரத்தில் 'கூடுதலாக ஒன்று' என்று கேட்கிற பழக்கம் ரொம்ப உதவும்.

இங்கே நீங்கள் ஒன்று கேட்கலாம். அந்த 30 கிலோவையும் பாக்கெட் போட்டு 42-க்கு விற்றால் என்ன? நல்ல கேள்வி. புதுக் கடைகளில் ஆரம்பத்தில் ரிட்டர்ன் கூடுதலாக இருக்கும். பத்துக்கு ஒன்று திரும்பும் என்று வைத்தால் பாக்கெட்டுக்கு 7 ரூபாய் 80 காசு நிற்கும். ஓட்டலில் ஏழரை, அதோடு ரிட்டர்ன் தொல்லை கிடையாது. ஏறக்குறைய சமம்தான். எனவே 36 ரூபாய் என்பது பார்க்கத்தான் மட்டமான விலை. ஓட்டல்காரரிடம் 'இப்போதைக்கு 30 கிலோ, விலை 38' என்று ஆரம்பியுங்கள். 36-ல் வந்து நின்றாலும் நஷ்டமில்லை. ஒரே ஒரு ஜாக்கிரதை: ஓட்டலுக்கு என்ன விலை என்பது கடைக்காரர் காதுக்குப் போகும். கேன் மாவு, கவர் கிடையாது, ரிட்டர்ன் கிடையாது என்ற காரணங்களைக் கையில் வைத்திருங்கள்.

விலை என்று பேச்சு வந்ததால் ஒன்று கேட்கிறேன். கடைக்கு 43 ஆக்கினால் என்ன ஆகும் என்று யோசித்ததுண்டா? மிச்சம் 12-லிருந்து 13 ஆகிறது. 115 பாக்கெட் விற்கும் இடத்தில் எட்டுப் பாக்கெட் குறைந்து 107 ஆனாலும் இப்போதைய மிச்சத்துக்குக் குறையாது. ஒன்றுமே குறையாவிட்டால் மாதம் 3,450 கூடும், 9,900-க்கு அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். விலையை ஏற்றச் சொல்லவில்லை. பக்கத்தில் வேறு மாவு 40-க்குக் கிடைத்தால் எட்டு என்ன, முப்பதுகூடக் குறையலாம். அது உங்கள் ஊர்ச் சந்தைக்குத்தான் தெரியும். 'எத்தனை பாக்கெட் வரை குறைந்தால் தாங்கும்' என்று தெரிந்துகொண்டு போனால், முடிவு எடுக்கும்போது பயம் குறையும்.

அடுத்தது கடன். 12% நல்லதா, 14% நல்லதா என்று கேட்கிறீர்கள். 14% தான்.

ஃபைனான்ஸ்காரர் சொல்வது ஃபிளாட் வட்டி. நம் ஊர்ப் பேச்சில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. 3 லட்சத்துக்கு வருடம் 36,000, மூன்று வருடத்துக்கு 1,08,000. மொத்தம் 4,08,000-ஐ 36 மாதத்துக்கு வகுத்தால் தவணை 11,333. இதில் எங்கே இடிக்கிறது என்று கடைசி மாதத்தைப் பார்த்தால் விளங்கும். 36-வது தவணை கட்டும்போது நீங்கள் தர வேண்டிய அசல் 8,333 ரூபாய்தான் பாக்கி. ஆனால் அந்த மாதமும் வட்டி 3,000 ரூபாய், முதல் நாள் வாங்கிய முழு 3 லட்சத்துக்கு. மாதாமாதம் அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள், வட்டி மட்டும் குறையவே மாட்டேன் என்கிறது. மூன்று வருடமும் சராசரியாக உங்கள் கையில் இருந்த பணம் ஏறக்குறைய பாதிதான்.

வங்கி வட்டி, மீதி இருக்கும் அசலுக்கு மட்டும். 14%-க்குத் தவணை 10,253. மொத்த வட்டி 69,000 சொச்சம். ஃபைனான்ஸைவிட ஏறக்குறைய 38,900 ரூபாய் குறைவு. வங்கிக் கணக்குப்படி பார்த்தால் அந்த 12% ஃபிளாட் என்பது 21% சொச்சம். மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்றே முக்கால் ரூபாய் வட்டி. பிராசசிங் கட்டணம் என்று 2% முன்னாடியே பிடித்துக்கொண்டால் 22.7% வரை போகும்.

இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க உங்களுக்கு நேரம் இல்லாவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல், வங்கியானாலும் ரிசர்வ் வங்கியில் பதிவான நிதி நிறுவனமானாலும், சிறுதொழில் கடன் கொடுக்கும்போது முக்கிய விவர அறிக்கை என்று ஒரு தாள் கொடுத்தாக வேண்டும். அதில் எல்லாக் கட்டணமும் சேர்த்து வருடாந்திர சதவீதம் எவ்வளவு என்று இருக்கும். கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் தர வேண்டும் என்பதும் விதி. இரண்டு இடத்திலும் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, அந்த ஒரு எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். தாளே தர மாட்டேன் என்கிற இடத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.

இத்தனை சொன்ன பிறகு, இப்போதைக்கு எந்தக் கடனும் வாங்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். வங்கித் தவணை 10,253, கூடுதல் ஆளுக்கு 6,000, இரண்டும் சேர்ந்து 16,253. பாக்கெட்டுக்கு 10.25 என்றால் இதைக் கட்டவே தினமும் 53 பாக்கெட் வேண்டும், அதுவும் இப்போதுள்ள 150 கிலோ எல்லைக்கு மேலே. அதாவது தினசரி விற்பனை 200-ஐத் தாண்டினால்தான் மிஷின் தன் காலில் நிற்கும். மூன்று வருடம் கழித்துத் தவணை முடிந்தாலும் மிஷின் ஓடும் என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்லலாம், அதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த மூன்று வருடத்தைத் தாண்ட வேண்டுமே. அப்புறம் ஒன்று, 3 லட்சம் என்பது மிஷின் மட்டுமா? மும்முனை இணைப்பு வேண்டுமா, மின்வாரியத்தில் லோடு கூட்ட வேண்டுமா, அதற்கு டெபாசிட் எவ்வளவு என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வாங்கும் காலம் வரும்போது நேராக மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். உணவு பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கு மத்திய அரசு 2020-ல் கொண்டுவந்த திட்டத்தில் திட்டச் செலவில் 35%, அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம் உண்டு. 3 லட்சத்துக்கு அது 1,05,000. அப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். மானியம் ரொக்கமாகக் கைக்கு வராது, வங்கிக் கடனோடு சேர்த்துத்தான். அதனால் வங்கி வழியாகப் போனால்தான் அந்தக் கதவே திறக்கும். மிஷினை முதலில் வாங்கிவிட்டு அப்புறம் மானியம் கேட்கலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

கையில் பணம் தங்காததற்கு மீதிப் பாதிக் காரணம் வாரப் பாக்கி. 115 பாக்கெட், 42 ரூபாய், ஏழு நாள்: ஏறக்குறைய 34,000 ரூபாய் எப்போதும் கடைக்காரர்கள் கல்லாவில் இருக்கிறது. நஷ்டம் இல்லை, உங்கள் பணம்தான், ஆனால் உங்களிடம் இல்லை. தீபாவளிக்கு முன் கைக்குக் கை வாங்கியபோது இந்தத் தொகை உங்கள் வீட்டில் இருந்தது. விற்பனை கூடக் கூட இது இன்னும் வளரும். நன்றாக ஓடுகிற தொழிலிலும் அரிசிக்கடைக்காரருக்குக் கொடுக்கப் பணம் இல்லாமல் போவது இதனால்தான்.

இதோடு ஓட்டல்காரரின் 30 நாளையும் சேர்த்துப் பாருங்கள். தினமும் 30 கிலோ என்றாலும், முதல் ரூபாய் வருவதற்குள் உங்கள் கைமுதல் 25,650 அங்கே போய் உட்கார்ந்திருக்கும். மாத முடிவில் பில் போட்டு, அங்கிருந்து 30 நாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தால் இரண்டு மாதச் சரக்கு, 51,300. எந்த நாளிலிருந்து 30 நாள் என்பதைப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், விலையில் ஒரு ரூபாய் விட்டுக்கொடுத்தாவது நாளைக் குறைப்பதில் பிடிவாதமாக இருங்கள். வாரம் ஒருமுறை பணம் என்றால் முடங்குவது 6,000-க்குள் நின்றுவிடும்.

உத்யம், அதாவது சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, செய்திருக்கிறீர்களா? இணையத்தில் இலவசமாகவே செய்யலாம், புரோக்கருக்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம். பதிவு இருந்தால், 2006-ம் வருட குறு, சிறு தொழில் சட்டப்படி, சரக்கு வாங்கியவர் எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில், இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. தொகையைச் செலவாக எழுதுவதிலும் அவருக்குச் சிக்கல் உண்டு: கெடு தாண்டிய பாக்கியை, கொடுத்த வருடத்தில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். ஓட்டல்காரரின் ஆடிட்டருக்கு இது நன்றாகத் தெரியும். சண்டைக்கு நிற்கச் சொல்லவில்லை, பில்லின் தலைப்பில் உத்யம் எண்ணை அச்சடித்துவிடுங்கள், பேசாமலே வேலை செய்யும்.

ஜி.எஸ்.டி. பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இப்போது உங்கள் வருட விற்பனை 18 லட்சத்துக்குள். ஓட்டல் ஆர்டரைச் சேர்த்தாலும் தமிழ்நாட்டில் சரக்கு விற்பவர்களுக்கான 40 லட்ச எல்லைக்குக் கீழேதான் இருக்கிறீர்கள். வெளி மாநிலத்துக்கு அனுப்பாத வரை அதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டியதில்லை.

ஆக, ஓட்டலுக்கு 30 கிலோ, வாரப் பணம், ரிட்டர்ன் நோட்டு. 9,900-உடன் 5,750 சேர்ந்தால் 15,650, மில் சம்பளத்தைத் தாண்டிவிடுகிறீர்கள். மூன்று மாதம் இப்படி ஓட்டிவிட்டு அந்த நோட்டை எனக்கு அனுப்புங்கள். பாக்கெட் விற்பனை 150-ஐ முட்டிக்கொண்டு, 'இன்னும் இருந்தால் கொடுங்கள்' என்று கடைக்காரர்களே கேட்கும் நிலை வந்திருந்தால், கிரைண்டர் கணக்கை மறுபடி போட்டுப் பார்ப்போம்.